வகுப்பறையை டிஜிட்டல் கற்பித்தலுக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்குகள் 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 30 முதல் 40 மாணவர்கள் என்ற அளவிலான அறையை வைத்துப் போடப்பட்டவை. உங்கள் அறை வேறு அளவில் இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

எதிலிருந்து தொடங்குவது? கருவிகளை முதலில் வாங்கிவிடலாமா?

வேண்டாம். கருவி வந்த பிறகு அறையை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர். அளவு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு காலியான வகுப்பறைக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அங்கிருந்து பலகைச் சுவர் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். பின்னால் வரும் முடிவுகளில் பாதி அந்த ஓர் எண்ணைச் சார்ந்தவை.

பலகைச் சுவரின் அகலம், கூரையின் உயரம், ஃபேன்கள் தொங்கும் இடம், பிளக் பாயின்ட்கள் எத்தனை, எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்விட்ச் எந்த விளக்கை எரிய வைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்பதும் தெரிய வேண்டும். மேகமூட்டமான நாளில் பார்த்து முடிவெடுத்தால் வெயில் நாளில் படம் தெரியாது.

திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கடைசி பெஞ்சின் தூரத்தை 6 ஆல் வகுத்தால் படத்தின் குறைந்தபட்ச உயரம் கிடைக்கும். தூரம் 7.2 மீட்டர் என்றால் உயரம் 1.2 மீட்டர். 16:9 விகிதத்தில் அகலம் 2.13 மீட்டர், மூலைவிட்டம் சுமார் 96 அங்குலம். வெறும் வீடியோ மட்டும் காட்டுவீர்கள் என்றால் 8 ஆல் வகுத்தால் போதும். நுணுக்கமான வரைபடம், கணக்குத்தாள், நிரல்வரிகள் என்றால் 4 ஆல் வகுக்க வேண்டும்.

பேனல்களை, அதாவது பெரிய டி.வி. போன்ற தொடுதிரைகளை, இதே கணக்கில் பார்த்தால் 65 அங்குலத்தின் உயரம் 81 செ.மீ., அது 4.9 மீட்டர் வரை போதும். 75 அங்குலம் 5.6 மீட்டர் வரை, 86 அங்குலம் 6.4 மீட்டர் வரை. அதாவது நம் மாதிரி அறையில் 65 அங்குலப் பேனலை மாட்டினால் பின்னால் உள்ள இரண்டு மூன்று வரிசைகளுக்கு அது வெறும் வெளிச்சப் பெட்டிதான்.

எழுத்தின் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. எழுத்தின் உயரம், பார்ப்பவரின் தூரத்தில் இருநூறில் ஒரு பங்காவது இருக்கட்டும். 7.2 மீட்டருக்கு அது 3.6 செ.மீ. ஸ்லைடில் 32 பாயின்ட் அளவில் எழுதினால், 1.2 மீட்டர் உயரத் திரையில் எழுத்தின் உடல், அதாவது மேலும் கீழும் நீளும் பகுதிகள் நீங்கலான நடுப்பகுதி, ஏறக்குறைய இந்த உயரத்துக்கு வரும். 18 பாயின்ட்டில் தட்டச்சு செய்த பாடம் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேராது. தமிழில் இதை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். ன, ண இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். புள்ளி தெரியாவிட்டால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்.

புரொஜெக்டரா, இன்டராக்டிவ் பேனலா?

அறை ஆழமாக இருந்தால் புரொஜெக்டர். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடியாத அறையாக இருந்தால் பேனல். இது கரடுமுரடான விதிதான், ஆனாலும் பெரும்பாலும் சரியாக வரும்.

புரொஜெக்டரால் 100 அங்குலம், 120 அங்குலம் எளிதில் கிடைக்கும். அதற்கு விலையாக இருட்டைக் கேட்கும். ஆசிரியரின் நிழலும் விழும். விளக்கு வகையில் பல்பு 4,000 முதல் 6,000 மணி நேரம் வரை உழைக்கும். அதன் வெளிச்சமும் ஒரே நாளில் போவதில்லை, சிறுகச் சிறுக மங்கிப் பாதியாகும். லேசர் வகை சுமார் 20,000 மணி நேரம் தாங்கும், பல்பு மாற்றும் வேலையும் இல்லை.

பேனல் பகல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும், தொட்டு எழுதலாம். ஆனால் கண்ணாடிப் பரப்பு. எதிர்ச் சுவரில் ஜன்னல் இருந்தால் அந்த ஜன்னல்தான் திரையில் தெரியும். வாங்கும் முன் ஒரு கண்ணாடியைப் பேனல் வரவிருக்கும் இடத்தில் பிடித்து, நான்கு மூலை இருக்கைகளிலிருந்தும் பாருங்கள். கண்ணாடியில் ஜன்னலோ ட்யூப்லைட்டோ தெரிந்தால் பேனலிலும் தெரியும்.

தொடுதிரை வேண்டுமா என்பது தனிக் கேள்வி. மாணவர்கள் எழுந்து வந்து எழுதப்போவதில்லை என்றால், ஒரு டேப்லெட்டில் எழுதி அதைத் திரைக்கு அனுப்புவதே மேல். ஆசிரியர் வகுப்புக்கு முதுகைக் காட்ட வேண்டியதில்லை.

புரொஜெக்டர் படம் பகலில் வெளுத்துப் போகிறது. அதிக லூமன் உள்ளதை வாங்கினால் சரியாகுமா?

ஓரளவுக்குத்தான் சரியாகும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரில் ஏற்கெனவே விழும் வெளிச்சம்தான் படத்தின் கறுப்பு. லூமன் என்பது புரொஜெக்டர் வீசும் மொத்த ஒளி, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. எனவே கணக்கு இப்படிப் போகும்.

3,500 லூமன் புரொஜெக்டர், திரைப் பரப்பு 2.56 சதுர மீட்டர். வகுத்தால் திரையில் சுமார் 1,370 லக்ஸ். ஜன்னலாலும் விளக்காலும் அதே திரையில் 300 லக்ஸ் விழுந்தால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1,670-க்கு 300, அதாவது 5.6. எழுத்துகளைச் சிரமமில்லாமல் படிக்க 15 வேண்டும். வீடியோ பார்க்கக் குறைந்தது 7.

இப்போது 7,000 லூமன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 10 ஆகிறது. அதற்குப் பதிலாகப் பழைய புரொஜெக்டரையே வைத்துக்கொண்டு, திரைமேல் விழும் வெளிச்சத்தை 80 லக்ஸாகக் குறைத்தால் விகிதம் 18. கனமான திரைச்சீலை ஒன்றும் விளக்கு ஸ்விட்ச் ஒன்றும் செய்யும் வேலையை இரு மடங்கு பெரிய புரொஜெக்டர் செய்யவில்லை.

விளம்பரத்தில் போடும் லூமன் எண்ணிலும் கவனம் வேண்டும். ஆன்சி லூமன் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமன் என்று குறிப்பிட்டிருந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். வெறும் 'எல்.இ.டி. லூமன்', 'விளக்கு லூமன்' என்றிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

முழு அறையையும் இருட்டாக்க வேண்டுமா?

கூடாது. மாணவர்கள் நோட்டில் எழுத வேண்டும். அதற்கு மேசையில் 300 லக்ஸாவது தேவை. இருட்டறையில் தூக்கமும் வரும். திரைக்கு முன்னால் உள்ள விளக்கு வரிசை மட்டும் தனி ஸ்விட்ச்சில் அணைய வேண்டும், அவ்வளவுதான்.

பல அறைகளில் விளக்கு வயரிங் ஜன்னல் பக்கம் ஒரு ஸ்விட்ச், கதவுப் பக்கம் ஒரு ஸ்விட்ச் என்று நீளவாக்கில் பிரிக்கப்பட்டிருக்கும். எதை அணைத்தாலும் பாதி வகுப்பு இருட்டு, திரைமேல் பாதி வெளிச்சம். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பலகைக்கு இணையாக முன்வரிசை, நடு, பின்வரிசை என்று மாற்றிவிடுங்கள். இது சின்ன வேலை. இந்தப் பக்கத்தில் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

புரொஜெக்டரை எங்கே, எவ்வளவு தூரத்தில் மாட்டுவது?

ஒவ்வொரு மாடலுக்கும் வீச்சு விகிதம் என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அதால் பெருக்கினால் லென்ஸுக்கும் திரைக்கும் இடையிலான தூரம். 2.13 மீட்டர் அகலத்துக்கு, விகிதம் 1.5 என்றால் 3.2 மீட்டர், குறுவீச்சு வகையில் 0.5 என்றால் 1.07 மீட்டர், 0.25 என்றால் அரை மீட்டருக்குச் சற்று மேல், அதாவது சுவரிலேயே மாட்டிவிடலாம்.

ஆணி அடிக்கும் முன் ஃபேனைப் பாருங்கள். ஒளி போகும் பாதையில் ஃபேன் இறக்கை ஓரமாக வந்தாலும் படம் வெட்டி வெட்டித் தெரியும். சாதாரண வீச்சு புரொஜெக்டரைக் கூரையில் மாட்டும் அறைகளில் இது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபேனை நகர்த்த முடியாவிட்டால் குறுவீச்சுதான் வழி. ஆசிரியரின் நிழலும், கண்ணில் ஒளி அடிப்பதும் அதிலேயே குறைந்துவிடும்.

படம் கோணலாக வந்தால் ரிமோட்டில் கீஸ்டோன் போட்டுச் சரிசெய்வது எல்லோரும் செய்வது. கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. சுருக்கிய இடத்தில் எழுத்துகள் மங்கும். லென்ஸைத் திரைக்கு நேர் செங்குத்தாக, நடுக்கோட்டில் வைத்து, கீஸ்டோனைப் பூஜ்யத்தில் விடுங்கள்.

பளபளப்பான வெள்ளைப் பலகைமேல் படத்தை வீசினால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு கண்ணைக் கூசும். மங்கல் வெள்ளைப் பெயின்ட் அடித்த சமமான சுவர், அந்தப் பலகையைவிட நல்ல திரை.

திரையின் கீழ்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

பார்க்க மட்டும் என்றால் தரையிலிருந்து 1.2 மீட்டர், அப்போதுதான் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைக்காது. தொட்டு எழுத வேண்டும் என்றால், சிறு பிள்ளைகளுக்கு 80 முதல் 90 செ.மீ.க்கு மேல் போனால் மேல்பகுதி எட்டாது. இரண்டும் முரண்படும். உயரம் மாற்றக்கூடிய தாங்கி இருந்தால் தீர்ந்தது. இல்லையென்றால் கீழே வைத்துவிட்டு, ஸ்லைடின் கீழ் ஐந்தில் ஒரு பங்கில் எதையும் எழுதாமல் விடுங்கள்.

75 அங்குலப் பேனல் 50 கிலோவைத் தாண்டும். உள்ளீடற்ற கற்களால் கட்டிய சுவர், ஒட்டுப்பலகைத் தடுப்பு ஆகியவற்றில் சாதாரண பிளக்கும் ஸ்க்ரூவும் நிற்காது. பின்புறம் தகடு கொடுத்துப் போல்ட் போட வேண்டும், அல்லது தரையில் நிற்கும் ஸ்டாண்ட் வாங்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ள பிளக் பாயின்ட்கள் போதாதா?

கூட்டிப் பாருங்கள். பேனல் அல்லது புரொஜெக்டர் 300 வாட், ஆசிரியரின் மடிக்கணினி 65, ஒலிபெருக்கி 50, வைஃபை கருவி 15. இதுவரை ஒன்றுமில்லை. 30 மடிக்கணினிகளை ஒரே நேரத்தில் சார்ஜ் போடும்போதுதான் கதை மாறுகிறது: 30 × 65 = 1,950 வாட். மொத்தம் ஏறத்தாழ 2,400 வாட். 230 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல். இதை ஒரு 6 ஆம்பியர் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குமேல் எக்ஸ்டென்ஷன் பெட்டியாக மாட்டினால் முதலில் பிளக் சூடாகும், பிறகு பிளாஸ்டிக் நாறும். அதற்கப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜிங்குக்கென்று விநியோகப் பெட்டியிலிருந்தே தனி வயர், தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்), 16 ஆம்பியர் பாயின்ட் ஆகியவை வேண்டும். கம்பியின் பருமனை அது போகும் தூரத்தைப் பார்த்து எலக்ட்ரீஷியன் முடிவு செய்யட்டும். சார்ஜிங் அலமாரி வாங்குவதாக இருந்தால், பத்துப் பத்தாக முறைவைத்துச் சார்ஜ் ஏற்றும் வகையைக் கேளுங்கள். சுமை மூன்றில் ஒன்றாகும்.

எர்த் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மூன்று துளை பிளக் பாயின்ட் இருப்பதாலேயே உள்ளே எர்த் கம்பி இருக்கிறது என்று அர்த்தமில்லை. மடிக்கணினியின் உலோக உடலைத் தடவினால் 'ஜிவ்' என்று இழுப்பதற்கு எர்த் இல்லாதது ஒரு முக்கியக் காரணம்.

சார்ஜ் போட்டதும் மின்சாரம் ட்ரிப் ஆகிறது. சுமை குறைவாகத்தான் இருக்கிறது. ஏன்?

எம்.சி.பி. விழுகிறதா, கசிவு மின்னோட்டத்தைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுவது ஆர்.சி.சி.பி. என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: மூன்று பின் உள்ள ஒவ்வொரு சார்ஜரும் தன் வடிகட்டி மின்தேக்கி வழியாக அரை மில்லி ஆம்பியர், ஒரு மில்லி ஆம்பியர் என எர்த்துக்குக் கசியவிடும். அது பழுதல்ல. ஆனால் முப்பது சார்ஜர் சேர்ந்தால் 15 முதல் 30 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம். சார்ஜர்களை இரண்டு மூன்று சர்க்யூட்களாகப் பிரிப்பதுதான் தீர்வு. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது தீர்வல்ல. அறை முழுக்கப் பிள்ளைகள்.

யு.பி.எஸ். தேவையா?

மின்சாரம் போய்வரும் இடமென்றால் தேவை. ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. விளக்கு வகைப் புரொஜெக்டர், வைஃபை கருவி, நெட்வொர்க் ஸ்விட்ச் ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள். விளக்குப் புரொஜெக்டரில் ஆற வைக்கும் விசிறி ஓடாமல் திடீரென அணைந்தால் பல்பின் ஆயுள் குறையும். வைஃபை அணைந்து திரும்ப எழுந்து முப்பது கருவிகளும் இணைய ஐந்து நிமிடம் போய்விடும். மடிக்கணினிகளுக்குச் சொந்த பேட்டரி உண்டு. சார்ஜிங் அலமாரியை யு.பி.எஸ்.ஸில் மாட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

1,000 வி.ஏ. என்று எழுதியிருந்தால் 1,000 வாட் என்று எண்ண வேண்டாம். சிறிய யு.பி.எஸ்.களில் 600 வாட்தான் பல நேரம் கிடைக்கும். வாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் எவ்வளவு நீளம் போகலாம்?

சாதாரண செம்புக் கேபிளில் 4கே படம் 5 மீட்டர் வரை நம்பிக்கையாகப் போகும். 1080 தரம் 10 மீட்டர் வரை. அதற்குமேல் திரை மின்னும், கறுப்பாகும், பச்சைப் புள்ளிகள் தெளிக்கும். நீண்ட தூரத்துக்கு ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள் இருக்கிறது. அதில் எந்த முனை கணினிக்கு, எந்த முனை திரைக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். மாற்றி மாட்டினால் வேலை செய்யாது. சுவருக்குள் புதைத்து, பூசிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. புதைக்கும் முன் மாட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள்.

பைப் 40 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். எச்.டி.எம்.ஐ. தலை 20 மி.மீ.க்கு மேல் அகலம், 25 மி.மீ. பைப்பில் நேராகப் போகும், வளைவில் சிக்கும். கேபிளை இழுத்த பிறகு ஒரு நைலான் கயிற்றையும் பைப்புக்குள் விட்டுவையுங்கள். அடுத்த கேபிளை இழுக்க அது வேண்டும்.

மேசைப் பக்க முனையில்தான் தினமும் செருகிப் பிடுங்குவார்கள். அங்கே சுவர்ப் பெட்டி வைத்து, ஒரு மீட்டர் துண்டுக் கேபிளால் மடிக்கணினியை இணையுங்கள். அறுந்தால் மாற்ற வேண்டியது அந்தத் துண்டு மட்டும். டைப்-சி துளை இருக்கிற எல்லா மடிக்கணினியும் அதன் வழியே படம் அனுப்பாது. சிலவற்றில் அது சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டும். அடாப்டரைக் குறை சொல்வதற்குமுன் மடிக்கணினியின் விவரக்குறிப்பைப் பாருங்கள்.

பேனலில் தொடாத இடத்தில் கோடு விழுகிறது. சில சமயம் தொட்டாலும் எழுதவில்லை.

இவை இரண்டு வேறு நோய்கள்.

தானாகக் கோடு விழுவது பெரும்பாலும் அகச்சிவப்புச் சட்டம் உள்ள பேனல்களில். திரையின் விளிம்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் ஓடுகின்றன; எது குறுக்கே வந்தாலும் அதற்கு அது விரல்தான். சாக்பீஸ் தூள், சட்டைக் கையின் நுனி, விளிம்பில் உட்கார்ந்த பூச்சி, ஒட்டிவைத்த அறிவிப்புத்தாள், நேராக விழும் வெயில் எல்லாமே இதைச் செய்யும். விளிம்பை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள், ஜன்னலை மறையுங்கள்.

தொட்டால் எதுவும் நடக்காதது வேறு கதை. பேனலில் கணினிப் படம் எச்.டி.எம்.ஐ. வழியாக வருகிறது, தொடுதலோ யு.எஸ்.பி. கேபிள் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த யு.எஸ்.பி. கேபிளை மாட்டவே மறந்திருப்பார்கள், அல்லது 10 மீட்டர் நீட்டியிருப்பார்கள். யு.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்குமேல் தாங்காது. நடுவில் சமிக்ஞையைப் பெருக்கும் கேபிள் வேண்டும்.

கரும்பலகையை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். திரையில் அடுத்த ஸ்லைடு வந்ததும் முந்தையது மறைந்துவிடும். பலகையில் எழுதிய சூத்திரம் பாடம் முடியும்வரை நிற்கும். மின்சாரம் போனாலும் நிற்கும். சிக்கல் சாக்பீஸ் தூள்தான். அது புரொஜெக்டர் வடிகட்டியை அடைக்கும். அடைபட்டால் வெப்பம் ஏறி, எச்சரிக்கை விளக்கு எரிந்து தானே அணைந்துவிடும். பலகையைத் திரைக்குப் பக்கத்தில் அல்லாமல் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். டஸ்டரைத் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் தூள் உள்ளேதான் போகும்.

முப்பது பேரும் ஒரே நேரத்தில் இணையத்தில் நுழைந்தால் நின்றுவிடுகிறது. இணைய வேகம் நன்றாகத்தான் இருக்கிறது.

இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வேகம் ஒன்று. அறைக்குள் காற்றில் பகிரும் வேகம் வேறு. 30 பேர் தலா 2 மெகாபிட் வீடியோ பார்த்தால் 60 மெகாபிட். இதை நல்ல இணைப்பு தாங்கும். ஆனால் வீட்டுக்கென்று செய்த ரவுட்டர் இருபது முப்பது கருவிகள் ஏறியதும் திணறும். பல கருவிகளைத் தாங்கும் அலுவலக வகை அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) வகுப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டும். அதைக் கூரையின் நடுவில் மாட்டி, கேட் 6 நெட்வொர்க் கேபிளாலேயே மின்சாரமும் கொடுக்கலாம். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மாணவர்களுக்குக் கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. நான்காவது வகுப்பறை வந்ததும் யாராவது யாரையாவது இடிப்பார்கள். அலைபரப்பு வலிமையை உச்சத்தில் வைப்பதும் தவறு. பக்கத்து அறைக் கருவிகளும் உங்கள் அறையைப் பிடித்துத் தொங்கும். நடுத்தரத்தில் வையுங்கள், சுவர் தடுக்கட்டும்.

அதன்பிறகும் காலையில் நன்றாக ஓடி நண்பகலில் சிலருக்கு மட்டும் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் ஐ.பி. முகவரிகள் தீர்ந்திருக்கும். சாதாரண அமைப்பில் 254 முகவரிகள்தான். ஒரு கருவிக்குக் கொடுத்த முகவரியை 24 மணி நேரம் பிடித்துவைத்தால், காலையில் வந்துபோன கைபேசிகள் எல்லாம் அதை முடக்கிவிடும். கால அளவை 2 மணி நேரமாகக் குறையுங்கள்.

இன்னொரு மறைமுக எதிரி, தானியங்கிப் புதுப்பிப்பு. 30 கருவிகள் தலா 1 ஜிகாபைட் இறக்கினால், 100 மெகாபிட் இணைப்பை முழுசாக 40 நிமிடம் விழுங்கும். ஒரு பாடவேளை போச்சு. புதுப்பிப்பை இரவுக்கு மாற்றிவையுங்கள்.

இணையமே இல்லாத பள்ளியில் என்ன செய்வது?

இணையம் இல்லாமலும் வைஃபை ஓடும். ஒரு சிறிய கணினியில், ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியே போதும், கொலிப்ரி அல்லது கிவிக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, பாட வீடியோக்களையும் விக்கிப்பீடியாவையும் வேறிடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டு வந்து வைத்தால், மாணவர்கள் தங்கள் கருவியின் உலாவியிலேயே திறந்து படிக்கலாம். நினைவக அட்டையின் நகல் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். மின்சாரம் திடீரெனப் போகும் இடங்களில் இந்த அட்டைகள் கெட்டுப்போவது சகஜம்.

மடிக்கணினியின் ஒலியே போதாதா?

போதாது. ஃபேன் ஓடும் அறையில் முதல் இரண்டு வரிசைக்கு மேல் சொற்கள் சிதைந்துவிடும். இரண்டு 20 வாட் ஒலிபெருக்கிகளைத் திரையின் இருபக்கமும் 2 மீட்டர் உயரத்தில், வகுப்பின் நடுவை நோக்கிச் சற்றுச் சாய்த்து மாட்டுங்கள். சோதிக்க ஒரு வழி: 'பல்லி, பள்ளி, மனம், மணம், கரை, கறை' என்று பதிவுசெய்து ஃபேனைப் போட்டுக்கொண்டு ஒலிக்க விடுங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவர் கேட்டதை எழுதட்டும். பல சொற்கள் தவறினால் அறையில் எதிரொலி இருக்கலாம். ஒலியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். பின்சுவரில் துணி ஒட்டிய அறிவிப்புப் பலகை, ஜன்னலில் கனமான திரைச்சீலை இரண்டும் எதிரொலியை நன்றாகவே விழுங்கும்.

வீட்டிலிருந்து சில மாணவர்கள் காணொளியில் சேரும்போது ஊளைச்சத்தம் வருகிறதே?

ஒரே அறையில் இரண்டு கருவிகளின் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் திறந்திருக்கின்றன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இரண்டையும் அணையுங்கள். ஒலிவாங்கியை மட்டும் அணைத்தால் போதாது. ஆசிரியருக்குச் சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி கொடுங்கள். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடைவெளி பாதியானால் குரல் 6 டெசிபெல் உயரும், அறைச் சத்தம் உயராது.

தமிழ்ப் பாடக்கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குவியலாகவோ வருகிறது.

கட்டங்கள் வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒரு யூனிகோடு எழுத்துருவை நிறுவினால் சரியாகும். ஆங்கிலக் குவியல் வந்தால் கோப்பு பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துருவை ஒவ்வொரு கணினியிலும் நிறுவுவது தற்காலிகம்தான். மாற்றியைக் கொண்டு ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். அவசரத்துக்கு, கோப்பு சரியாகத் தெரியும் கணினியிலேயே எழுத்துருவை உட்பொதித்து பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவாருங்கள்.

'கொ' என்பதில் கொம்பு தனியாக வட்டத்தோடு நின்றால் அது எழுத்துருக் கோளாறு அல்ல. அந்த மென்பொருளுக்கே தமிழைச் சேர்த்து எழுதத் தெரியவில்லை. சில பழைய காணொளித் தொகுப்பிகளில் இது நடக்கும். எழுத்தைப் படமாக்கி ஒட்டுவதைத் தவிர அங்கே வேறு வழியில்லை.

மாணவர் கணினிகள் அனைத்திலும் ஒரே விசைப்பலகை அமைப்பை வையுங்கள், தமிழ்99 நல்ல தேர்வு. ஒன்றில் அது, ஒன்றில் ஒலிபெயர்ப்பு என்றிருந்தால் தட்டச்சு யாருக்கும் கையில் படியாது.

பார்வைக் குறை, செவிக் குறை உள்ள மாணவர்களுக்குத் தனியாக என்ன செய்ய வேண்டும்?

பார்வைக் குறை உள்ள மாணவருக்கு முன்வரிசை மட்டும் போதாது. திரையில் இருப்பது அவர் கையில் உள்ள டேப்லெட்டிலும் தெரிய வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க. செவிக் குறை உள்ளவர் ஆசிரியரின் உதட்டையும் கையையும் பார்க்கிறார். விளக்கணைத்த அறையில் அவருக்குப் பாடமே இல்லை. ஆசிரியர் நிற்கும் இடத்தில் ஒரு சின்ன விளக்கை, திரையில் படாமல் திருப்பிவையுங்கள். வீடியோக்களுக்கு எழுத்து வரி ஓடட்டும். நொடிக்கு மூன்று முறைக்குமேல் பளிச்சிடும் காட்சிகள் வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆபத்து. முன்கூட்டியே பார்த்து நீக்குங்கள்.

திரையில் ஆசிரியரின் சொந்தச் செய்திகள் எட்டிப்பார்க்கின்றன.

கற்பித்தலுக்கென்று மடிக்கணினியில் தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அதில் சொந்த அஞ்சல், செய்திச் செயலி எதையும் திறக்காதீர்கள். திரையை நகலெடுக்கும் முறையில் அல்லாமல் நீட்டிக்கும் முறையில் இணைத்தால், மதிப்பெண் பட்டியல் உங்கள் திரையிலும் பாடம் சுவரிலும் தனித்தனியாக இருக்கும். பொதுக் கணினியில் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்க வேண்டாம்.

கருவிகளை எப்படிச் சேமித்து வைப்பது?

கருவிக்கும் அலமாரித் துளைக்கும் ஒரே எண், மாணவருக்கும் அதே எண். எடுத்தவர் யார் என்ற சண்டை அதோடு தீரும். 30 மடிக்கணினியோடு சக்கர அலமாரி 100 கிலோவைத் தாண்டும்; சின்னச் சக்கரம் வாசற்படி ஏறாது. வாங்கும் முன் கதவுகளின் படிகளைப் பாருங்கள். அலமாரியின் காற்றுத்துளைகளைச் சுவரோடு ஒட்டாதீர்கள். பேட்டரி உப்பி, தொடுபலகையோ திரையோ மேலே எழுந்திருந்தால் அந்தக் கருவியை உடனே அணைத்துத் தனியே எடுத்துவையுங்கள். அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

நீண்ட விடுமுறைக்கு முன் செய்ய வேண்டியவை?

பேட்டரிகளைப் பாதி அளவு சார்ஜில் விட்டு அணையுங்கள். முழுதாகவோ காலியாகவோ மாதக்கணக்கில் கிடந்தால் இரண்டுமே பேட்டரிக்குக் கேடு. இரண்டு மாதத்துக்குமேல் மூடியிருந்தால் நடுவில் ஒருமுறை பார்க்க வேண்டும். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ரிமோட்டும் போகும். புரொஜெக்டர், பேனல் பிளக்குகளைப் பிடுங்குங்கள். ஸ்விட்ச்சை அணைப்பது மட்டும் இடி மின்னலுக்குப் போதாது. வைஃபை கருவிக்கு வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக எல்லாவற்றையும் மாட்டி, முப்பது கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்கி, புதுப்பிப்புகளை ஓடவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஸ்லைடைப் படித்துப் பாருங்கள்.